கத்தாரில் முதல் கோடை: வெயிலில் வேலைக்குப் போகிறவர்கள் படிப்படியாகச் செய்ய வேண்டியவை

2023 ஜூன் இரண்டாம் வாரம் தோஹாவில் இறங்கினேன். கம்பி கட்டும் வேலை. நான்காம் நாள் காலை எட்டரை மணிக்குக் கூரைத் தளத்தில் கம்பி முறுக்கிக்கொண்டிருந்தபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. அதற்குப் பிறகு நடந்தது பக்கத்தில் இருந்த அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கேம்ப் (தொழிலாளர் தங்குமிடம்) கிளினிக்கில் இரண்டு பாராசிட்டமால் கொடுத்துப் படுக்கச் சொன்னார்கள். தாள் எதுவும் தரவில்லை. மூன்று நாள் எழுந்திருக்க முடியவில்லை. மாதக் கடைசியில் அந்த மூன்று நாளையும் 'ஆப்சென்ட்' என்று சம்பளத்தில் பிடித்தார்கள். வேலை நேரத்தில், வெயிலில்தான் விழுந்தேன் என்று காட்ட என்னிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

பங்குனி வெயிலில் சென்ட்ரிங் மேல் நின்றவன், எனக்கு என்ன ஆகிவிடும் என்றுதான் நானும் போனேன். தோஹா கடலோரம். காற்றில் ஈரம் ஏறிவிட்டால் வியர்வை சொட்டுமே தவிர காயாது. காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. இது ஊரில் பழகாத வேறு வகைச் சூடு.

புதிதாகப் போகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இரண்டுதான். முதல் இரண்டு வாரம்தான் உயிருக்கு ஆபத்தான காலம். உடம்புக்கு ஏதாவது ஆனால் அன்றைக்கே தாள் வாங்க வேண்டும். இந்த இரண்டையும் எப்படிச் செய்வது என்பதைக் கிளம்பும் நாளிலிருந்து வரிசையாக எழுதுகிறேன்.

1. எந்த மாதம் போகிறீர்கள் என்று பாருங்கள்

அக்டோபர் முதல் மார்ச் வரை போவது நல்லது. உடம்பு மெல்லப் பழகிக்கொண்டே கோடைக்குள் நுழையும். ஏப்ரலும் பரவாயில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை போவதுதான் மோசம். விசா வந்ததும் ஏஜென்ட் அவசரப்படுத்துவார், வாங்கிய கடனின் வட்டியும் துரத்தும். இருந்தாலும் தேதியைத் தள்ள முடியுமா என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

'ஜூலை போனால் வெயில் இறங்கிவிடும்' என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் டிகிரி கொஞ்சம் குறைந்தாலும் புழுக்கம் ஏறும். உடம்புக்கு அதுதான் அதிகக் கஷ்டம்.

கோடையில்தான் போயாக வேண்டும் என்றால், கிளம்புவதற்கு முந்தைய இரண்டு வாரம் வேலையை விடாதீர்கள். நம்மில் பலரும் அந்த மாதத்தில்தான் வேலையை நிறுத்திவிட்டுக் கோயில், விருந்து, உறவினர் வீடு என்று நிழலிலேயே இருப்போம். நானும் அப்படித்தான் இருந்தேன். தினம் ஒன்று, ஒன்றரை மணி நேரமாவது வெயிலில் வியர்க்க வேலை செய்யுங்கள். முழுப் பழக்கம் வராது, பாதியாவது வரும்.

2. ஊரிலேயே முடிக்க வேண்டிய காகிதங்கள்

ஏஜென்ட்: அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அவருடைய பதிவு எண்ணைச் சரிபாருங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் வாங்கலாம். மொத்தம் 35,400 ரூபாய். ரசீது தர மறுத்தால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். 'விசிட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்' என்பவரிடமிருந்தும் விலகிவிடுங்கள். வேலை ஒப்பந்தம் கையில் இல்லாதவன் வெயிலில் விழுந்தால் யாரிடமும் எதுவும் கேட்க முடியாது.

பாஸ்போர்ட்: பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் குடியேற்ற அனுமதி தேவை என்ற குறிப்பு இருக்கும். அவர்கள் இ-மைக்ரேட் வழியாக அனுமதி பெற்றுத்தான் போக வேண்டும். இதைச் சுற்றிப் போக ஏஜென்ட் வழி காட்டினால் ஏற்காதீர்கள்.

கத்தார் விசா மையம்: சென்னையில் இருக்கிறது. மருத்துவப் பரிசோதனை, கைரேகை, ஒப்பந்தக் கையெழுத்து எல்லாம் அங்கேதான். இதற்கான செலவு முதலாளியுடையது. கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒப்பந்தத்தை உங்களுக்குப் புரியும் மொழியில் சொல்லச் சொல்லுங்கள். வேலையின் பெயர் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அடிப்படைச் சம்பளம் 1,000 ரியாலுக்குக் குறையக் கூடாது. தங்குமிடமும் சாப்பாடும் கம்பெனி தராவிட்டால் தனியாக 500 ரியாலும் 300 ரியாலும் தர வேண்டும். கையெழுத்தான பக்கங்களையெல்லாம் படம் எடுத்து வீட்டில் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

உடல் பரிசோதனை: யாரும் கேட்க மாட்டார்கள், ஆனாலும் செய்யுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் மூன்றும் போதும். அரசு ஆஸ்பத்திரியில் எடுக்கலாம், தனியார் லேபில் சில நூறு ரூபாய் ஆகும். அறிக்கையைப் பத்திரமாக வையுங்கள். நாள் கணக்கில் தண்ணீர் குறைந்து வேலை பார்ப்பவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போக வாய்ப்பு உண்டு. போகும்போது நன்றாகத்தான் இருந்தது என்று பிற்பாடு காட்ட இந்த ஒரு தாள்தான் இருக்கும். பிரஷருக்கு மாத்திரை எடுப்பவர்கள் அதில் நீர் பிரியும் மருந்து இருக்கிறதா என்று மருத்துவரைக் கேட்டு, வெயிலில் வேலை செய்யப் போவதைச் சொல்லி யோசனை கேளுங்கள்.

காப்பீடு: பிரவாசி பாரதீய பீமா யோஜனா. இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375 ரூபாய், வரி தனி. விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனம் ஆனாலோ 10 லட்சம். நாமினி பெயரை ஆதாரில் இருக்கிற எழுத்துப்படியே போடுங்கள். இதில் ஒரு பொறி இருக்கிறது: இறப்பு 'விபத்து' என்று எழுதப்பட வேண்டும். வெயிலில் சுருண்டு விழுந்து இறந்தவருக்கு 'இதயம் நின்றது, இயற்கை மரணம்' என்று சான்று எழுதப்பட்டால் குடும்பத்துக்கு இந்தப் பணம் கிடைப்பது கஷ்டம். அதற்கான மாற்று நான்காம் படியில் வருகிறது.

தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நல வாரியத்திலும் கிளம்புவதற்கு முன் பதிந்துகொள்ளுங்கள். பதிவுக் கட்டணம் 200 ரூபாய்.

3. பெட்டியில் வைக்க வேண்டியவை

ஓ.ஆர்.எஸ். பொட்டலம் 30. ஒன்று சுமார் 20 ரூபாய், ஆக 600 ரூபாய். வாங்கும்போது உறையில் 'உலக சுகாதார நிறுவன பார்முலா' என்று இருக்கிறதா, 1 லிட்டர் தண்ணீருக்கு என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அட்டைப் பெட்டியில் வரும் இனிப்புப் பானங்களை ஓ.ஆர்.எஸ். என்று நினைத்து வாங்காதீர்கள். அதில் சர்க்கரைதான் அதிகம்.

இரண்டு லிட்டர் பிடிக்கும் நல்ல பிளாஸ்க், ஹெல்மெட்டுக்கு அடியில் கட்ட மெல்லிய பருத்தித் துண்டு நான்கு, பருத்தி பனியன் ஆறு, டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று, வியர்க்குருவுக்குப் பவுடர். இவ்வளவுதான்.

மருந்து எடுத்துப் போனால் மருத்துவர் சீட்டோடு எடுத்துப் போங்கள். டிரமடால் கலந்த வலி மாத்திரையோ கோடீன் கலந்த இருமல் சிரப்போ வேண்டவே வேண்டாம், அங்கே ஏர்போர்ட்டிலேயே மாட்டிக்கொள்வீர்கள். யாராவது 'என் மச்சானுக்குக் கொடுத்துவிடு' என்று மருந்துப் பொட்டலம் தந்தாலும் வாங்காதீர்கள்.

4. இறங்கிய பிறகு, பத்தாக்கா வரும் வரை

கத்தார் அடையாள அட்டையைத்தான் கேம்பில் பத்தாக்கா என்பார்கள். நீங்கள் இறங்கிய 30 நாளுக்குள் கம்பெனி அதற்கான வேலையை முடிக்க வேண்டும். மருத்துவ அட்டையிலிருந்து புகார் வரை எல்லாவற்றுக்கும் அந்த எண்தான் தேவை. மூன்றாவது வாரத்திலிருந்தே மந்தூப்பிடம் (கம்பெனிக்காக அரசு அலுவலக வேலைகளைப் பார்ப்பவர்) கேட்டுக்கொண்டே இருங்கள். வரும் வரை பாஸ்போர்ட், விசா நகலைப் பையில் வையுங்கள், போனிலும் வையுங்கள். நீங்களாக எழுத்தில் கேட்டுக்கொள்ளாமல் பாஸ்போர்ட்டைக் கம்பெனி வாங்கி வைத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை. 'பாதுகாப்புக்காக' என்று கேட்டாலும் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

பத்தாக்கா வந்த வாரத்தில் இரண்டு வேலை முடியுங்கள். முதலாவது, உங்கள் பெயரிலேயே சிம் கார்டு. அறைத் தோழரின் பெயரில் உள்ள எண்ணை வைத்துப் புகார் பதிய முடியாது. இரண்டாவது, இந்தியத் தூதரகத்தின் ஆதரவில் நடக்கும் ஐ.சி.பி.எஃப். அமைப்பின் காப்பீடு. இரண்டு வருடத்துக்கு 125 ரியால். எந்தக் காரணத்தால் இறந்தாலும் குடும்பத்துக்கு 1 லட்சம் ரியால். 'இயற்கை மரணம்' என்று எழுதினாலும் இது கிடைக்கும். அந்த 125 ரியாலைத் தள்ளிப் போடாதீர்கள்.

கேம்பிலும் சைட்டிலும் இருக்கும் நீலப் பலகையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சோன், தெரு, கட்டடம் என்று மூன்று எண் அதில் இருக்கும். ஆம்புலன்ஸுக்கு 999 அழைத்தால் அந்த மூன்று எண்ணைச் சொன்னால் போதும். புதிய சைட்டில் பலகை இருக்காது, அப்போது சேப்டி ஆபீசரிடம் கேட்டு எழுதி வையுங்கள். நான் விழுந்த அன்று எங்கள் ஆட்கள் ஒருவருக்கும் சைட் இருக்கும் இடத்தைச் சொல்லத் தெரியவில்லை.

5. முதல் 14 நாள்

இந்தப் படிக்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

வெயிலில் இறக்கிறவர்களில் பெரும்பங்கு வேலையில் சேர்ந்த முதல் சில நாட்களிலேயே விழுந்தவர்கள். உடம்பு சூட்டுக்குப் பழக 7 முதல் 14 நாள் ஆகும். பழகிய உடம்பு சீக்கிரமே வியர்க்கத் தொடங்கும், வியர்வையில் உப்பையும் குறைவாகவே விடும். பழகாத உடம்புக்கு இரண்டும் தெரியாது. பக்கத்தில் ஐந்து வருடமாக வேலை பார்க்கும் அண்ணன் சாதாரணமாகக் கம்பி முறுக்குகிறார் என்றால் அது அவர் உடம்பு ஐந்து கோடை பார்த்ததால். அவர் வேகத்துக்கு ஈடு கொடுக்க நினைப்பதுதான் புதியவர்கள் விழும் முதல் பொறி. 'புதுப் பையன் நல்லா வேலை பாக்குறான்' என்று பெயர் வாங்கும் ஆசையில் அதில் விழுந்தவன் நான்.

தொழில் பாதுகாப்புத் துறையினர் சொல்லும் கணக்கு: முதல் நாள் வழக்கமான வேலையில் 20 சதவீதம் மட்டும் வெயிலில். அதற்குப் பிறகு நாளுக்கு 20 சதவீதம் கூட்டிக்கொண்டே போக வேண்டும். எட்டு மணி நேர வேலை என்றால் முதல் நாள் ஒன்றரை மணி நேரம், இரண்டாம் நாள் மூன்று மணி நேரம், இப்படி ஐந்தாம் நாள் முழு வேலை.

போர்மேன் தானாக இப்படி விடமாட்டார். நீங்கள்தான் கேட்க வேண்டும், அதுவும் கேட்கிற மாதிரி கேட்க வேண்டும். வேலையைக் குறைக்கச் சொல்லாமல், இடத்தை மாற்றச் சொல்லுங்கள். கம்பி வளைக்கும் ஷெட், சாமான் எண்ணுவது, கீழ்த்தள நிழல் என்று சைட்டில் எப்போதும் நிழல் வேலை இருக்கும். வேலை தொடங்கும் முன் பாதுகாப்பு பற்றிப் பேசும் காலை டூல்பாக்ஸ் மீட்டிங்கில் சேப்டி ஆபீசர் இருக்கும்போதே, நான்கு பேர் முன்னால் கேளுங்கள். பல சைட்டில் இந்தியில்தான் பேச்சு. இந்த வரிகளை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்:

'சாப், மே நயா ஹூம், சாயா மே காம் தீஜியே.' (நான் புதிது, நிழலில் வேலை கொடுங்கள்.)
'சக்கர் ஆ ரஹா ஹை.' (தலை சுற்றுகிறது.)
'பானி சாஹியே.' (தண்ணீர் வேண்டும்.)

முதல் இரண்டு வாரம் ஓவர்டைம் வேண்டாம். கையெழுத்துப் போடச் சொன்னாலும் வேண்டாம். அந்த இரண்டு வார ஓவர்டைம் பணத்தை அடுத்த மாதமே ஈடுகட்டிவிடலாம். தலைவலி, குமட்டல், கெண்டைக்கால் பிடிப்பு, காரணமில்லாத எரிச்சல், கை நடுக்கம் இதில் எது வந்தாலும் உடனே கருவியைக் கீழே வைத்துவிட்டு நிழலுக்குப் போங்கள். எனக்கு முந்தின நாளே கெண்டைக்கால் இழுத்தது. கட்டிலில் படுத்து நானே நீவிவிட்டுக்கொண்டு தூங்கிவிட்டேன், யாரிடமும் சொல்லவில்லை.

6. தண்ணீர்: எவ்வளவு, எப்போது, எதோடு

ஒரு டம்ளர், அதாவது சுமார் 240 மில்லி, 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒரு முறை. மணிக்கு முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரும். தாகம் எடுக்கக் காத்திருக்காதீர்கள், தாகம் எடுக்கும்போது ஏற்கெனவே தாமதம். பஸ்ஸில் ஏறுவதற்கு முன்பே கேம்பில் அரை லிட்டர் குடித்துவிடுங்கள்.

அளவுக்கு மேலும் குடிக்கக் கூடாது. மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் வெறும் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் ரத்தத்தில் உப்பு இறங்கி அதுவும் ஆளைச் சாய்க்கும். வியர்வையோடு உப்பும் போகிறது. அந்த உப்பைச் சாப்பாட்டில்தான் மீட்க வேண்டும். அதிகாலை நான்கு மணிக்குச் சாப்பாடு இறங்காது என்று வெறும் டீயோடு பஸ் ஏறுவோம், அதை விடுங்கள். உப்புப் போட்ட கஞ்சியும் ஊறுகாயும் போதும். லபான் என்று மோர் மாதிரி ஒன்று எல்லாக் கடையிலும் கிடைக்கும், உப்புப் போட்டுக் குடித்தால் நம் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளும்.

ஓ.ஆர்.எஸ். நிறைய வியர்க்கும் நாளில் ஒரு பொட்டலம், மிஞ்சினால் இரண்டு. ஒரு பொட்டலத்துக்குச் சரியாக ஒரு லிட்டர். அரை லிட்டர் பாட்டிலில் முழுப் பொட்டலத்தையும் கொட்டிக் கலக்குவதை நிறைய பேர் செய்கிறார்கள், அது தவறு. கரைசல் கெட்டியாகி வயிற்றைப் போக்கும். பொட்டலம் தீர்ந்துவிட்டால் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் டீஸ்பூனால் தலைதட்டி ஆறு ஸ்பூன் சர்க்கரை, அரை ஸ்பூன் உப்பு. பிரஷர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உப்புக் கரைசல் குடிக்க வேண்டாம்.

ஒன்றுக்குப் போக எட்டு மாடி இறங்க வேண்டும், போர்மேன் முறைப்பார் என்று தண்ணீரைக் குறைக்கிறோம் பாருங்கள், அதுதான் பெரிய பொறி. சிறுநீர் நிறத்தைத் தினம் பாருங்கள். வெளிர் மஞ்சள் என்றால் சரி. அடர் மஞ்சள் என்றால் உடனே குடிக்க வேண்டும். நீர்க்கடுப்பு இரண்டு நாள் நீடித்தால் மருத்துவரிடம் போங்கள். கோலா நிறத்தில் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரி, மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. தசை உடைந்து சிறுநீரகத்தை அடைக்கிறது என்று அதற்குப் பொருள்.

உடம்பு வலிக்கு டைக்ளோபினாக், ஐபூபுரூபன் மாதிரி மாத்திரையைத் தினம் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் ஒவ்வொரு அறையிலும் இருக்கிறார்கள். நீர் வற்றிய உடம்பில் அந்த மாத்திரை நேராகச் சிறுநீரகத்தைத்தான் அடிக்கும். எனர்ஜி டிரிங்க்கைத் தண்ணீருக்குப் பதிலாகக் குடிக்காதீர்கள்.

'வேர்த்த உடம்போட ஜில் தண்ணி குடிக்காதே' என்று நம் வீட்டில் சொல்லி வளர்த்திருப்பார்கள். அங்கே அதை மறந்துவிடுங்கள், குளிர்ந்த தண்ணீர்தான் நல்லது. முந்தின இரவு ஒரு பாட்டிலில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி பிரீசரில் வைத்து, காலையில் துண்டில் சுற்றி எடுத்துப் போனால் பத்து மணி வரை ஜில்லென்று இருக்கும்.

7. கேம்ப்

கோடையில் மாடித் தொட்டித் தண்ணீர் கொதிக்கும், குழாயைத் திறந்தால் கை வைக்க முடியாது. பழைய ஆட்கள் இரவே பக்கெட்டில் பிடித்து ஏ.சி. அறைக்குள் வைத்துவிடுவார்கள். நீங்களும் ஒரு பக்கெட் வாங்கிவிடுங்கள். வேலை முடிந்து வந்ததும் குளிர்ந்த தண்ணீரில் குளிப்பது உடம்பின் சூட்டை இறக்கும்.

கோடையில் விடியும் முன்பே பஸ் கிளம்பும். மூன்று மணிக்கு எழ வேண்டும் என்றால் எட்டரைக்குப் படுங்கள். ஊருக்கு வீடியோ காலை மதிய ஓய்வு நேரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள், வீட்டில் சொன்னால் புரிந்துகொள்வார்கள். தூக்கம் கெட்டவனைத்தான் வெயில் முதலில் தாக்கும். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்த மறுநாளும் அப்படித்தான், அன்று வெயிலுக்குப் போகாதீர்கள்.

8. பத்து மணி முதல் மூன்றரை மணி வரை

2021-ஆம் ஆண்டின் 17-ஆம் எண் அமைச்சக உத்தரவுப்படி ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை, காலை 10 மணி முதல் பிற்பகல் 3:30 வரை திறந்த வெளியில் வேலை வாங்கக் கூடாது. வேலை நேரப் பட்டியலை எல்லோருக்கும் தெரியும் இடத்தில் ஒட்ட வேண்டும். குளிர்ந்த குடிநீர் இலவசமாகத் தர வேண்டும், ஓய்வுக்கு நிழல் இடம் தர வேண்டும், வெயில் பற்றிய பயிற்சியும் வருடம் ஒரு முறை மருத்துவப் பரிசோதனையும் நடத்த வேண்டும்.

அதே உத்தரவில் பலருக்கும் தெரியாத இன்னொரு விதி இருக்கிறது. வெப்பம், ஈரம், காற்று, நேர் வெயில் எல்லாவற்றையும் சேர்த்து அளக்கும் டபிள்யூ.பி.ஜி.டி. மீட்டர் 32.1 டிகிரியைத் தாண்டினால், மணி என்னவாக இருந்தாலும் வேலை நிற்க வேண்டும். சாதாரண தெர்மாமீட்டரில் காட்டும் டிகிரி வேறு, இது வேறு. 38 டிகிரி நாளில் புழுக்கம் இருந்தால் இது 32-ஐத் தாண்டிவிடும். நான் விழுந்தது காலை எட்டரைக்கு. பத்து மணி ஆகவில்லை என்பதால் யாரும் மீட்டரைப் பார்க்கவில்லை. காலையிலேயே சேப்டி ஆபீசரிடம் 'ரீடிங் எவ்வளவு சார்?' என்று கேளுங்கள். கேட்டதைத் தேதி, நேரத்தோடு ஒரு சின்ன நோட்டில் குறித்து வையுங்கள். பல சைட்டில் போனில் படம் எடுக்க விடமாட்டார்கள், நோட்டை யாரும் தடுக்க மாட்டார்கள்.

வெயிலால் உடம்புக்கு ஆபத்து என்று நியாயமான காரணத்தோடு நினைத்தால் வேலையை நிறுத்தவும் புகார் செய்யவும் அந்த உத்தரவே உங்களுக்கு உரிமை தருகிறது. தனியாக நிறுத்தினால் சண்டையாகத் தெரியும். நான்கைந்து பேராகச் சேர்ந்து சேப்டி ஆபீசரிடம் போங்கள்.

9. கூட இருப்பவர் விழுந்தால்

பேச்சு குழறுகிறது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பேசுகிறார், தள்ளாடுகிறார், வலிப்பு வருகிறது, மயங்கிவிட்டார், இதில் ஒன்று இருந்தாலும் ஹீட் ஸ்ட்ரோக் (உயிருக்கே ஆபத்தான வெப்பத் தாக்கு) என்றே வைத்துக்கொள்ளுங்கள். 'இன்னும் வியர்க்கிறதே, அதெல்லாம் இருக்காது' என்று விடாதீர்கள். உழைத்துக்கொண்டிருந்தபோது விழுந்தவருக்கு வியர்வை நிற்காமலும் இருக்கும்.

ஒருவர் 999 அழைக்க வேண்டும். மற்றவர்கள் அந்த நிமிடமே குளிர்விக்கத் தொடங்க வேண்டும். நிழலுக்கு இழுத்துப் போய்ச் சட்டை, ஷூ, ஹெல்மெட் எல்லாவற்றையும் கழற்றுங்கள். உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி அட்டையால் விசிறுங்கள். ஐஸ் இருந்தால் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வையுங்கள். பெரிய தொட்டியில் ஐஸ் தண்ணீர் இருந்தால் கழுத்து வரை முக்கித் தலையைப் பிடித்துக்கொள்வதுதான் எல்லாவற்றிலும் நல்லது. 40 டிகிரியைத் தாண்டிய உடம்பை அரை மணி நேரத்துக்குள் இறக்குவதைப் பொறுத்துத்தான் உயிர் இருக்கிறது. முதலில் குளிர்வித்தல், பிறகுதான் வண்டி.

நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். பாராசிட்டமால் இந்தச் சூட்டை இறக்காது. கேம்புக்கு அனுப்பித் தூங்க வைக்காதீர்கள், தனியாகவும் விடாதீர்கள்.

10. அன்றைக்கே வாங்க வேண்டிய தாள்கள்

கேம்ப் கிளினிக்கோடு நிற்காதீர்கள். தொழிலாளர்களுக்கென்று கத்தார் செம்பிறைச் சங்கம் நடத்தும் சுகாதார மையங்கள் இருக்கின்றன. அவசரம் என்றால் இண்டஸ்ட்ரியல் ஏரியா பக்கம் ஹஸ்ம் முபைரீக் ஆஸ்பத்திரி இருக்கிறது. மருத்துவரிடம் மூன்றைச் சொல்லுங்கள்: வெயிலில் வேலை பார்க்கும்போது விழுந்தேன், எத்தனை மணிக்கு, எந்த சைட்டில். 'காய்ச்சல், தலைவலி' என்று மட்டும் சொன்னால் அப்படியேதான் எழுதுவார்கள்.

வாங்க வேண்டியவை: நோயின் பெயர் எழுதிய மருத்துவ அறிக்கை, நாள் கணக்கு போட்ட மருத்துவ விடுப்புச் சான்று, ரத்தப் பரிசோதனை முடிவு, பணம் கட்டியிருந்தால் ரசீது. எல்லாவற்றையும் படம் எடுத்து அன்றிரவே வீட்டுக்கு அனுப்புங்கள். சைட்டில் விபத்துப் பதிவேடு இருக்கும், அதில் எழுதச் சொல்லி, பார்த்த இரண்டு பேரின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். விடுப்புச் சான்றைக் கம்பெனியிடம் கொடுக்கும்போது நகலில் 'பெற்றுக்கொண்டோம்' என்று தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். அதற்கு மறுத்தால் மந்தூப்புக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், நீலக் குறி விழுந்தால் அதுவும் சாட்சிதான்.

இவ்வளவு வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. கத்தார் தொழிலாளர் சட்டப்படி நோய் விடுப்புக்குச் சம்பளம் வேலையில் சேர்ந்து மூன்று மாதம் முடிந்த பிறகுதான்: முதல் இரண்டு வாரம் முழுச் சம்பளம், அடுத்த நான்கு வாரம் பாதி. ஆபத்தான முதல் இரண்டு வாரத்தில் விழுகிறவருக்கு இதில் ஒன்றும் இல்லை. ஆனால் வேலையின்போது நேர்ந்த பாதிப்பு என்று ஏற்கப்பட்டால் கதை வேறு. சிகிச்சைச் செலவு முதலாளியுடையது, சிகிச்சைக் காலத்துக்கு ஆறு மாதம் வரை முழுச் சம்பளம், மூன்று மாத நிபந்தனையும் கிடையாது. தாளில் 'வேலையின்போது' என்ற சொல் இருக்கிறதா இல்லையா என்பதில் இவ்வளவு வித்தியாசம் இருக்கிறது.

11. புகார்

தொழிலாளர் அமைச்சகத்தின் இணையப் புகார் தளத்தில் பத்தாக்கா எண்ணும் உங்கள் பெயரில் உள்ள போன் எண்ணும் கொண்டு பதியலாம். கட்டணம் இல்லை. மதிய நேர வேலையைப் பற்றிப் பெயர் தெரியாமல் தகவல் மட்டும் சொல்லவும் அதிலேயே தனி வழி இருக்கிறது. சம்பளப் பிடித்தம் போன்ற தகராறு என்றால் அமைச்சகம் முதலில் 7 நாளில் சமரசம் செய்து பார்க்கும். முடியாவிட்டால் தகராறு தீர்வுக் குழுவுக்குப் போகும். குழு மூன்று வாரத்தில் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி, நடைமுறையில் நீளும் என்று நினைத்தே தயாராகுங்கள். தூதரகத்தின் உதவி வேண்டுமென்றால் இந்திய வெளியுறவுத் துறையின் 'மதத்' தளத்தில் ஊரிலிருந்து வீட்டாரும் பதியலாம்.

நான் இரண்டு மாதம் கழித்துத்தான் கேட்கப் போனேன். என்னிடம் தாளும் இல்லை, சாட்சி சொல்ல வேண்டிய அண்ணனும் வேறு சைட்டுக்கு மாறிப் போயிருந்தார்.

12. விடுமுறை முடிந்து திரும்பும்போது

ஒரு வாரம் வெயிலை விட்டு விலகியிருந்தாலே பழக்கம் குறையத் தொடங்கிவிடும். இரண்டு மாதம் ஊரில் இருந்துவிட்டு ஜூலையில் திரும்புகிறவர் ஐந்து வருட அனுபவசாலி என்றாலும் உடம்பு புதியவருடையதுதான். அனுபவம் உள்ளவருக்கு முதல் நாள் 50 சதவீதம், அடுத்த நாள் 60, பிறகு 80, நான்காம் நாள் முழு வேலை என்று கணக்கு. டிக்கெட் போடும்போதே வார விடுமுறையான வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் இறங்குவது போலப் போட்டால் ஒரு நாள் ஓய்வு கிடைக்கும். பெட்டியில் மறுபடியும் 30 பொட்டலம் ஓ.ஆர்.எஸ். வையுங்கள். புதிதாக ஒரு கிரியாட்டினின் பரிசோதனை எடுத்து, பழைய தாளோடு சேர்த்துக் கொண்டுபோங்கள்.